கடப்பாறையும் நெய்யும்

செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணிக்கு எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி விழுந்தது. "பார்க்கிங்ல லைட் எரியல. அந்த ஆர்வக்கோளாறு சார் கண்ல படறதுக்குள்ள யாராவது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுடுங்க." அரை நிமிடம் இருந்திருக்கும். அப்புறம் அந்த இடத்தில் செய்தி நீக்கப்பட்டது என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி மட்டும் நின்றது. இரண்டாவது மாடி மேடம் யாருக்கோ தனியாக அனுப்ப நினைத்திருக்கிறார். விரல் தவறிவிட்டது.

அந்த சார் யார் என்று யோசிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, மழைநீர் சேகரிப்புக் குழியைச் சுத்தம் செய்கிறேன் என்று கடப்பாறையோடு இறங்கியவன் நான்தான். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வெட்டிய குழி. சல்லி, மணல் எல்லாம் சேறாகி இறுகிக் கிடந்தது. ஐப்பசி வருவதற்குள் சரிசெய்ய வேண்டும் என்று மூன்று கூட்டங்களில் பேசினோம். மூன்றாவது கூட்டம் முடிந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. பிளம்பர் வரட்டும் என்று மனைவி சொன்னாள். "ஏங்க, கீழ என்னென்ன ஓடுதுன்னு தெரியாம குத்தாதீங்க" என்றும் சொன்னாள். நாலாவது குத்தில் தரைத்தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குப் போகும் குழாய் பிளந்தது. 24 வீடுகளுக்கு மாலை நாலு மணி வரை தண்ணீர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு. எத்தனை வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ.

ஆகவே மேடம் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தச் சொல் உறுத்தியது. பழைய தமிழ்ப் புத்தகங்களைக் கிளறுவது என் பொழுதுபோக்கு. அன்று ராத்திரி தூக்கம் வராமல், திட்டு வாங்கிய சொல்லையே பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். (இதுவும் அந்தக் கோளாறில் சேர்த்திதான் என்கிறாள் மனைவி.)

கோளாறு என்ற சொல் நமக்கு எல்லா இடத்துக்கும் உதவுகிறது. வயிற்றுக்கோளாறு, மூளைக்கோளாறு, ரயில் நின்றால் சிக்னல் கோளாறு. ஆர்வக்கோளாறு என்று சேரும்போதுதான் சிக்கல். பள்ளியில் தொகைகளைப் படித்தவர்கள் விரித்துப் பாருங்கள். ஆர்வத்தால் வந்த கோளாறு என்றால் மூன்றாம் வேற்றுமை. ஆர்வத்தில் இருக்கும் கோளாறு என்றால் ஏழாம் வேற்றுமை. ஆர்வமாகிய கோளாறு என்றால் ஆர்வமே நோய் என்றாகிறது. 'அவர் ஒரு ஆர்வக்கோளாறு' என்று ஆளையே சுட்டும்போது அது அன்மொழித்தொகை. மேடம் இத்தனையும் யோசித்து எழுதியிருக்க மாட்டார். எனக்கு மட்டும் இது முக்கியமான கேள்வியாகப் பட்டது. என் ஆர்வம் குழாயை உடைத்ததா, அல்லது வேறு ஏதாவதா?

ஆர்வம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். 'ஆர்தல்' என்று ஒரு பழைய வினை. நிறைதல், உண்ணுதல், பருகுதல், நுகர்தல் என்று அதற்குப் பொருள் விரியும். வினையாக இன்று யாரும் சொல்வதில்லை. 'நான் ஆர்ந்தேன்' என்றால் பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். ஆனால் அதன் எச்சம் தினமும் நம் வாயில் இருக்கிறது. வயிறாரச் சாப்பிட்டேன், கண்ணாரக் கண்டேன், காதாரக் கேட்டேன், வாயார வாழ்த்தினாள், மனதாரச் சொன்னார். இந்த 'ஆர' எல்லாம் நிறைய, நிரம்ப என்பதுதான். அந்த அந்த உறுப்பு கொள்ளும் அளவுக்கு. எங்கள் ஆயா பந்தியில் நின்றுகொண்டு "வயிறாரத் துன்னுட்டுப் போ சாமி" என்று சொல்லும்போது அந்த இழுப்பிலேயே பாதி வயிறு நிறைந்துவிடும்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. பசியாற என்பது வேறு. அது வல்லின ற. தணிதல், சூடு குறைதல். காப்பி ஆறுவதும் புண் ஆறுவதும் கோபம் ஆறுவதும் அந்தக் குடும்பம். ஆர்வம் ஆறிப்போயிற்று என்று எழுதினால் இரண்டு வினையும் ஒரே வரியில் எதிரெதிராக உட்காரும். அதேபோல ஆர்ப்பாட்டத்தில் இருக்கும் ஆர்ப்பு சத்தம் போடுவது. ஆர்கலி என்று கடலைச் சொல்வதும் அந்த இரைச்சலை வைத்துத்தான். இன்று ஒருவர் ஆர்வமாக இருக்கிறார் என்று காட்ட விரும்பினால் சத்தம் போட வேண்டியிருக்கிறது. ஆர்வமும் ஆர்ப்பும் ஒரே சொல் என்று நாம் முடிவு செய்துவிட்டோம் போலிருக்கிறது.

ஆக, ஆர்வம் என்பது நிறைவோடும் நுகர்வோடும் ஒட்டிய சொல். ஒன்றை உள்ளே வாங்கிக்கொள்ளும் ஆசை. பழைய இலக்கியத்தில் அது அன்புக்குப் பக்கத்திலேயே திரிகிறது. 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்.' இந்தக் குறளை நாம் ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ ஒப்பித்துவிட்டு வந்துவிட்டோம். இதில் இருக்கும் ஆர்வலரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இன்று ஆர்வலர் என்றால் சமூக ஆர்வலர், பறவை ஆர்வலர், சூழலியல் ஆர்வலர். செய்தித்தாளில் மனு கொடுப்பவர், தொலைக்காட்சி விவாதத்தில் ஓரத்துச் சன்னலில் உட்கார்ந்திருப்பவர். வள்ளுவரின் ஆர்வலர் எந்த மனுவும் கொடுக்கவில்லை. பிரியமானவரின் துன்பத்தைப் பார்த்துக் கண்ணில் நீர் துளிர்த்துவிடுகிறது, அவ்வளவுதான். அந்தச் சிறு துளியே அவர் உள்ளே பூட்டி வைத்திருந்ததை ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறது.

அதே அதிகாரத்தில் இன்னொரு குறள். 'அன்புஈனும் ஆர்வம் உடைமை அதுஈனும் நண்பென்னும் நாடாச் சிறப்பு.' அன்பு பெற்ற பிள்ளை ஆர்வம். ஆர்வம் பெற்ற பிள்ளை நட்பு. மூன்று தலைமுறையை ஒன்றே முக்கால் அடியில் சொல்லி முடித்துவிட்டார். பரிமேலழகர் இதற்கு எழுதிய உரை எனக்கு எப்போதும் பிடிக்கும். தன்னோடு தொடர்புடையவரிடம் ஒருவன் வைக்கும் அன்பு, அந்தப் பழக்கத்தாலேயே மற்றவரிடமும் விருப்பம் கொள்ள வைக்கும் என்கிறார். வீட்டுக்குள் இருந்தது தெருவுக்கு வழிகிறது. அந்த வழிதலுக்குப் பெயர் ஆர்வம். இல்லம் தேடிக் கல்வி என்று 2021-இல் அரசு ஒரு திட்டம் தொடங்கியபோது, சாயந்திரம் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லித்தந்தவர்களைத் தன்னார்வலர் என்று அழைத்தார்கள். தன் பிள்ளைக்குச் சொல்லித்தரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வந்து உட்காரட்டும் என்று நினைத்தவர்கள். யாரும் திட்டமிட்டு அந்தக் குறளைப் பார்த்துப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பொருந்திவிட்டது.

தண்டியலங்காரத்தில் ஆர்வமொழி என்றே ஓர் அணி இருக்கிறது. உள்ளத்தில் பொங்குகிற அன்பு சொல்லில் தெரியும்படி பேசுவது. இதை இலக்கண நூலில் ஒரு அணியாக எண்ணி வைத்திருக்கிறார்களே என்று நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். சரி, அது போகட்டும்.

எனக்கு இதில் மிகப் பெரிய சாட்சி பூதத்தாழ்வார். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருக்கோவலூரில் ஒரு மழை இரவு. இருட்டு. ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கிப் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டுகிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று இடம் விடுகிறார் முன்னவர். பேயாழ்வார் வந்ததும் மூவர் நிற்கலாம் என்றாகிறது. நிற்கும்போது நாலாவதாக யாரோ நெருக்குவது போலத் தெரிகிறது. யார் என்று பார்க்க விளக்கு வேண்டும். பொய்கையார் உலகத்தையே அகலாகவும் கடலையே நெய்யாகவும் வைத்து ஒரு விளக்கு ஏற்றுகிறார். அடுத்துப் பூதத்தார்:

அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக
இன்புருகு சிந்தை இடுதிரியா நன்புருகி
ஞானச் சுடர்விளக் கேற்றினேன் நாரணற்கு
ஞானத் தமிழ்புரிந்த நான்.

தகளி என்றால் அகல். அன்பு அகல், ஆர்வம் நெய், உருகும் மனம் திரி. சுடர் எது? ஞானம். நாம் இன்று ஆர்வத்தைத் தீயாகவே பேசிப் பழகிவிட்டோம். ஆர்வத் தீ, கொழுந்துவிட்ட ஆர்வம், அணையாத ஆர்வம். ஆழ்வார் ஆர்வத்தை எரியும் இடத்தில் வைக்கவில்லை. எரிய விடுவதற்காகக் கீழே நிற்கும் இடத்தில் வைக்கிறார். நெய் சத்தம் போடாது. விளக்கைப் பார்க்கிறவர் கண்ணில் அது படுவதுகூட இல்லை. தீர்ந்துபோகும்போதுதான் தெரியும், இருந்தது என்று. அகலில் கொள்ளும் மட்டும்தான் ஊற்ற முடியும். மிஞ்சினால் வழிந்து தரை பிசுபிசுக்கும், அவ்வளவே. குழாயெல்லாம் உடையாது.

அப்படியானால் என் கடப்பாறைக்கு என்ன பெயர்?

இங்கிலீஷில் என்தூசியாசம் என்கிறார்களே, அது கிரேக்கத்திலிருந்து வந்தது. உள்ளே தெய்வம் இறங்கிய நிலை என்று பொருள். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது வசைச்சொல்லாகவே இருந்தது. தெய்வம் என்னோடு நேரே பேசுகிறது என்று தெருவில் கத்துகிறவர்களைத் திட்ட வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு ஆர்வம் என்று நாம் மொழிபெயர்ப்பது எனக்கு உறுத்தும். சாமி வந்து ஆடும் நிலைக்குத் தமிழில் தனியாகவே சொல் இருக்கிறது: வெறி. சங்கப் பாட்டுகளில் முருகனின் பூசாரியான வேலன் கையில் வேலோடு ஆடுவது வெறியாட்டு. மகள் மெலிகிறாளே, முருகன் பிடித்துவிட்டானோ என்று தாய் வேலனைக் கூப்பிடுவாள். அவளைப் பிடித்தது மலைநாட்டுக்காரன் ஒருவன் என்பது தோழிக்குத் தெரியும். நற்றிணையின் 34-ஆவது பாட்டில் தோழி வேலனை விட்டுவிட்டு முருகனையே நேராகக் கேட்கிறாள். இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று உனக்கே தெரியும். தெரிந்தும், வேலன் கூப்பிட்டான் என்று கடம்பு மாலை சூடிக்கொண்டு தலையை நிமிர்த்திக்கொண்டு வந்து நிற்கிறாயே. 'கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே.' நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, நிச்சயம் மடையன்தான், நல்லா இரு.

இதைப் படித்ததும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். ராத்திரி ஒரு மணி. யாரும் சரியாகக் கூப்பிடாத இடத்துக்கு, தன் வேலையில்லாத வேலைக்கு, மாலை போட்டுக்கொண்டு வந்து நிற்கும் முருகன். குழு நிர்வாகியாக இரண்டாவது மாடி மேடம் இருந்திருந்தால் அவனுக்கும் ஒரு செய்தி போயிருக்கும். 'வாழிய' என்று முடிக்கும் அழகைப் பாருங்கள். திட்டிவிட்டு வாழ்த்துவது. மேடம் அதை மட்டும் விட்டுவிட்டார்.

ஆனால் என் கேஸ் வெறியும் இல்லை. சாமி வரவில்லை எனக்கு. கூட்டத்தில் மற்றவர்கள் இழுத்தடித்த எரிச்சல்தான் வந்தது. அப்போதுதான் ஊக்கத்தின் ஞாபகம் வந்தது.

ஊக்கம் என்றால் இன்று நமக்கு ஊக்கத்தொகை, ஊக்கமருந்து, ஊக்கப்பரிசு. (புடவையில் குத்தும் ஊக்கு இதில் சேராது. அது இங்கிலீஷ் ஹூக், வேட்டி கட்டி வந்திருக்கிறது.) இந்தச் சொல்லின் அடியில் இருப்பது ஒரு தள்ளு. அதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் கலித்தொகைக்குப் போக வேண்டும், 37-ஆம் பாட்டு. தினைப்புனம். அவள் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருக்கிறாள். பல நாளாகச் சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிப் போகும் ஒருவன் அன்றும் வருகிறான். அவள் பொறுத்தது போதும் என்று 'ஐய, சிறிது என்னை ஊக்கி' என்கிறாள். கொஞ்சம் தள்ளிவிடுங்களேன். நல்லது என்று அவனும் ஊக்குகிறான். உடனே அவள் கை நழுவியது போலப் பொய்யாக அவன் மார்பில் விழுகிறாள். அதை உண்மை என்றே நம்பி அவன் தாங்கிக்கொள்கிறான்.

ஊக்குவது ஊஞ்சலைத் தள்ளுவது. இந்தப் பாட்டைப் படித்த பிறகு ஊக்கமருந்து என்ற சொல் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது; ஓட்டக்காரரின் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவது போல. ஊஞ்சலைத் தள்ளுகிறவருக்குத் தெரியும், அளவாகத் தள்ளினால் சுகம், அளவு தப்பினால் ஆள் கீழே. அந்தப் பெண்ணும் 'சிறிது' என்றுதான் கேட்டாள். அந்தச் 'சிறிது' அங்கே வெறும் வெட்கத்துக்காக வந்த சொல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஊக்கமுடைமை என்று தனி அதிகாரமே வைத்துப் பத்துக் குறளில் ஊக்கத்தைக் கொண்டாடியவர்தான் வள்ளுவர். வெள்ளத்து அனைய மலர்நீட்டம் அங்கேதான் வருகிறது. ஆனால் அதே வினையை எடுத்துக்கொண்டு மற்ற அதிகாரங்களில் அவர் சொல்வதைப் பாருங்கள். 'நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந்து ஊக்கின் உயிர்க்கிறுதி ஆகி விடும்.' கொம்பின் நுனிவரை ஏறியாயிற்று. அதற்கும் மேலே ஊக்கினால் உயிர் போய்விடும். 'உடைத்தம் வலியறியார் ஊக்கத்தின் ஊக்கி இடைக்கண் முரிந்தார் பலர்.' தன் பலம் எவ்வளவு என்று தெரியாமல் மனவேகத்தில் கிளம்பி நடுவழியில் ஒடிந்தவர் பலர். 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்.' லாபத்தை நினைத்து முதலையும் விடும் வேலையில் அறிவுள்ளவர் தன்னைத் தள்ளிக்கொள்ள மாட்டார். மூன்று இடத்திலும் ஊக்குதான். குழியைச் சுத்தம் செய்து நிலத்தடி நீரைக் கூட்டப்போய், தொட்டியில் இருந்த நீரையும் விட்டவன் இந்த மூன்றாவது குறளின் கீழ் கையெழுத்துப் போடலாம்.

தமிழ் இதைத் தெளிவாகத்தான் பிரித்து வைத்திருக்கிறது. நாம்தான் கலந்துவிட்டோம். குழாயை உடைத்தது ஆர்வம் இல்லை. குழியில் நீர் இறங்க வேண்டும் என்று எனக்கு மூன்று வருடமாக ஆசை. அது இருந்த இடத்தில் நெய்யாக இருந்தது. உடைத்தது ஊக்கு. அதுவும் 'சிறிது' இல்லாத ஊக்கு. ஊக்கக்கோளாறு என்று மேடம் எழுதியிருந்தால் நான் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டேன். இதை மனைவியிடம் சொன்னேன். "அப்ப குழாய் காசு ஆர்வம் குடுக்குமா, ஊக்கம் குடுக்குமா?" என்றாள்.

உற்சாகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம், அதிக நேரம் வேண்டாம். அது வடமொழி உத்ஸாஹம். அதில் இருக்கும் 'ஸஹ்' தாங்குவது, பொறுப்பது, வெல்வது. நாட்டிய சாஸ்திரம் வீரச் சுவைக்கு அடிப்படையாக இதைத்தான் வைக்கிறது. அர்த்தசாஸ்திரத்தில் அரசனுக்கு உரிய மூன்று சக்திகளில் உற்சாக சக்தியும் ஒன்று. படையும் பணமும் இருப்பதைவிட உற்சாகமே பெரிது என்று முன்னோர் சொல்கிறார்கள் என்று எழுதிவிட்டுக் கௌடில்யர் அதை மறுக்கிறார். உற்சாகத்தைவிடப் படைபணம் மேல், அதைவிட ஆலோசனை மேல் என்பது அவர் கணக்கு. அதாவது பிளம்பர் வரட்டும் என்பது. இத்தனை பெரிய இடத்திலிருந்து இறங்கி வந்த சொல், கடைசியில் நம் பத்திரிகைகளில் 'உற்சாக பானம்' ஆகி டாஸ்மாக் வாசலில் நிற்கிறது.

இப்படியெல்லாம் என் ஆர்வத்தைக் காப்பாற்றப் பார்க்கிறேன், ஆனால் இந்தப் பட்டம் எனக்குப் புதிதில்லை. எட்டு வயதிலேயே வாங்கியிருக்கிறேன். அப்போது அதன் பெயர் முந்திரிக்கொட்டை.

பண்ருட்டிப் பக்கம் ஆயா ஊர். செம்மண், பலா, முந்திரி. கோடை விடுமுறைக்குப் போகும்போது முந்திரி பழுத்துத் தொங்கும் காலம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: மஞ்சளாகவோ சிவப்பாகவோ குடைமிளகாய் போல ஒரு பழம். அதன் அடியில், வெளியே, பழத்துக்குச் சம்பந்தமே இல்லாதது போலச் சாம்பல் நிறத்தில் ஒரு கொட்டை துருத்திக்கொண்டிருக்கும். மற்ற கொட்டைகளெல்லாம் பழத்துக்குள் அடக்கமாக இருக்க, இது மட்டும் வெளியே வந்து நிற்கும். தாவரவியல்படி அந்தக் கொட்டைதான் உண்மையான கனி. பழம் என்று நாம் கடிப்பது தடித்த காம்பு. அதைவிட வேடிக்கை, மரத்தில் கொட்டைதான் முதலில் வளர்ந்து நிற்கும், காம்பு பிறகுதான் பருத்துப் பழமாகும். முந்திக்கொள்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான வசை எந்த ஊரில் கிடைக்கும்!

பெயரே முந்துவதால் வந்ததுதான் என்று சொல்வார்கள். எனக்கு அது நம்பிக்கையில்லை. முந்திரி என்ற பெயர் நம்மிடம் திராட்சைக்கு இருந்தது. கொடிமுந்திரி என்றால் திராட்சைதான். இந்த மரமோ பிரேசிலிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்தது. பின்னால் வந்த விருந்தாளிக்கு வீட்டில் இருந்த பெயரைக் கொடுத்திருக்கிறோம். தெற்கே கொல்லாமரம் என்கிறார்கள். பழைய கணக்கில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. ஒரு முந்திரி அளவு நிதானம் என்று எழுதலாம். பெயர் எப்படி வந்தாலும், முந்திரியையும் முந்துவதையும் காதில் ஒட்டவைத்து, கொட்டை நிற்கும் நிலையையும் கண்ணால் பார்த்து ஒரு வசையைச் செய்தவர் நல்ல கவிஞர்.

விஷயத்துக்கு வருகிறேன். கடையில் வாங்கும் பருப்பு வெள்ளையாக இனிப்பாக இருக்கிறதே, மரத்தில் இருப்பதைக் கடித்தாலும் அப்படித்தானே இருக்கும் என்பது எட்டு வயதில் என் கணிப்பு. ஓட்டில் ஒரு பால் இருக்கிறது, தோலைப் புண்ணாக்கிவிடும், அதனால்தான் சுட்டு உடைக்கிறார்கள், உடைக்கிற பெண்களின் விரல் அதனால்தான் கறுத்து வெந்து கிடக்கிறது என்பதெல்லாம் ஆயா எத்தனையோ தடவை சொன்னதுதான். மாமா பையன்கள் வருவதற்குள் முதலில் தின்றுவிட வேண்டும் என்று பச்சைக் கொட்டையை நறுக்கென்று கடித்தேன். உதடு இரண்டும் வெந்து வீங்கி, மூன்று நாள் கஞ்சிதான். ஆயா தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டே "ஏண்டா முந்திரிக்கொட்ட, முந்திரிக்கொட்டையவே கடிச்சியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். உதடு விடவில்லை.

இப்போது யோசித்தால் அன்றும் பருப்பின் மேல் இருந்தது ஆர்வம். மாமா பையன்களுக்கு முன்னால் என்பது ஊக்கு. 50 வருடம் ஆகியும் ஆள் திருந்தவில்லை.

பிளம்பர் வந்தார். குழாயை மாற்றினார். நான் வெட்டி விட்டிருந்த குழியையும் கூலிக்கு ஆள் வைத்து ஒழுங்காக அள்ளி, புதுச் சல்லி, மணல் போட்டு மூடினோம். குழாய் மாற்றிய செலவு என்னுடையது. குழி சங்கத்துக் கணக்கு. பார்க்கிங் விளக்கை எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்தார். நான் பால்கனியிலிருந்து பார்த்ததோடு சரி. மேடம் லிப்டில் ஒரு தடவை எதிர்ப்பட்டார். இரண்டு பேரும் மாடி எண் எரிவதையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஐப்பசி இரண்டாம் வாரம் முதல் பெருமழை. ராத்திரி இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டு விழித்தேன். மொட்டைமாடிக் குழாய்கள் எல்லாம் திமுதிமுவென்று கொட்டிக்கொண்டிருந்தன. புதுச் சல்லியில் நீர் இறங்குகிறதா, நிற்கிறதா? காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் படுத்தேன். ஒரு பத்து நிமிடம் படுத்திருப்பேன். மனைவி கண்ணைத் திறக்காமலே "டார்ச் பிரிட்ஜ் மேல இருக்கு" என்றாள்.

கீழே போனால் குழிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு வெளிச்சம். மோட்டார் அறையின் சன்ஷேடுக்குக் கீழே, குடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது மாடி மேடம். என்னைப் பார்த்ததும் டார்ச்சைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"சும்மா, இறங்குதான்னு பாக்கலாம்னு வந்தேன் சார்."

"நானும் அதான் மேடம்."

அவர் ஒதுங்கி இடம் விட்டார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் பார்த்தோம். சுழித்துச் சுழித்துச் சல்லிக்குள் போய்க்கொண்டிருந்தது தண்ணீர். கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். யாரோ திருடன் என்று நினைத்திருக்கிறார். அவரும் நனையாமல் நிற்க வேண்டுமென்றால் நாங்கள் இரண்டு பேரும் இன்னும் கொஞ்சம் நெருங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.